முதலும் விளைவும்: பாலாற்றங்கரையில் நீடித்த வளர்ச்சி



அறக்கட்டளை ஒன்றின் பெயரால் நடைபெறும் சொற்பொழிவில் நீடித்த வளர்ச்சி என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு தனிப் பொருத்தம் உண்டு. தம் பொருளில் ஒரு பகுதியை நற்காரியம் ஒன்றுக்கென எழுதிவைக்கின்றவர், அதைச் செலவிட்டுத் தீர்த்துவிடும்படி சொல்வதில்லை. முதல் முதலாகவே இருக்க, அதன் விளைவைக்கொண்டு, தாம் காணப்போகாத தலைமுறைகளுக்கும் அக்காரியம் நடந்துவர வேண்டும் என்றே நியமிக்கிறார். இந்த நியமத்தை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சோழர் காலத்துக் கோயிற் சுவர்களே சாட்சி. சந்நிதியில் நந்தாவிளக்கு ஒன்று எரிவதற்காக 90 அல்லது 96 ஆடுகளைத் தானம் செய்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கும் பொறுப்பை இடையர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. இறந்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, மந்தையின் எண்ணிக்கை ஒருபோதும் குறையாதபடி காப்பது பெற்றுக்கொண்டவரின் கடமையாயிற்று. அவருக்குப் பின் அக்கடமை அவர் வழியினரையும் பற்றி நின்றது.

அதே கோயில்களுக்குப் பொன்னும் தானமாக வந்தது. பொன்னைப் பெற்றுக்கொண்ட ஊர்ச்சபை, அதற்கு வட்டியாக நெல்லோ நெய்யோ அளந்தது. ஆகவே முதலை ஆடாகவும் வைக்கலாம், பொன்னாகவும் வைக்கலாம் என்று அக்காலத்தவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்களே என்று ஒருவர் வாதிக்கக்கூடும். வாதம் நியாயமானதே. ஆயினும், பொன்னாகத் தந்த தானத்திற்கும் நெய் எங்கேனும் ஒரு மந்தையிலிருந்து வந்தாக வேண்டியிருந்தது. நாட்டில் உள்ள மந்தைகளெல்லாம் அழிந்துவிட்டிருந்தால், சபையின் கருவூலத்தில் எவ்வளவு பொன் குவிந்திருந்தாலும் விளக்கு எரிந்திராது. இன்று நீடித்த வளர்ச்சியைக் குறித்துப் பொருளியலறிஞரிடையே நிகழும் சர்ச்சைகள் பலவற்றுள்ளும் ஆழமானது எது என்று என்னைக் கேட்டால், இதையே சொல்வேன்: இயற்கை என்னும் முதலைச் செலவிட்டு, அதற்கு ஈடாகப் பணத்தையும் இயந்திரத்தையும் கல்வியையும் சேர்த்துவைத்துவிட்டால், வருகின்ற சந்ததிக்கு நாம் பட்ட கடன் தீர்ந்துவிடுமா? தீராது என்பது என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்திற்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தவை ஓரளவு புத்தகங்கள்; பெருமளவு பாலாறு.

கருத்தின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடலாம். ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் சுரங்கங்களை நிர்வகித்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்பவர், உருக்கும் உலைகளுக்கு மரமின்றிச் சுரங்கத் தொழிலே நின்றுபோகும் நிலை நெருங்குவதைக் கண்டு, வளர்கின்ற அளவுக்கு மேல் வெட்டலாகாது என்னும் நெறியை 1713-இல் வெளியிட்ட வனவியல் நூல் ஒன்றில் வற்புறுத்தினார். நெடுங்காலம் அது காட்டிலாகாக்களின் நெறியாகவே இருந்தது. 1972-இல் வெளிவந்த ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்னும் ஆய்வு, தொழிலும் மக்கட்தொகையும் அன்றைய வேகத்திலேயே பெருகிச் சென்றால் நூறாண்டுக்குள் உலகம் தன் எல்லையை முட்டும் என்று எச்சரித்தபோது, காட்டுக்குரிய நெறி உலகம் முழுவதற்கும் உரிய கேள்வியாக விரிந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய மாநாட்டிற்கு, விருந்தளித்த சுவீடனின் பிரதமரை விட்டால், அரசுத் தலைவராக வந்தவர் இந்திரா காந்தி ஒருவரே. எல்லை வந்துவிட்டது என்று செல்வ நாடுகள் அறிவிக்கின்ற வேளையில், வளர்ச்சியைத் தொடங்கவே வாய்ப்புப் பெறாத நாடுகளின் கதி என்ன என்னும் வினாவை அவர் அங்கே எழுப்பினார். அந்த வினாவின் நியாயத்தை எவரும் மறுக்க முடியவில்லை. எச்சரிக்கையையும் மறுக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்க வேண்டிய நிர்ப்பந்தத்திலிருந்துதான் நீடித்த வளர்ச்சி என்னும் சித்தாந்தம் பிறந்தது.

நார்வே நாட்டின் குரோ ஹார்லெம் புருண்ட்லாந்து அம்மையாரின் தலைமையில் 1983-இல் அமைக்கப்பட்டு, இந்தியாவின் நாகேந்திர சிங்கையும் உறுப்பினராகக் கொண்டிருந்த உலக ஆணையம், 1987-இல் ‘நமது பொதுவான எதிர்காலம்’ என்னும் அறிக்கையை அளித்தது. வருங்காலச் சந்ததியினர் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுக்காமல், இக்காலத்தவரின் தேவைகளை நிறைவேற்றுவதே நீடித்த வளர்ச்சி என்று அது வகுத்த இலக்கணம் இன்று பள்ளிப் பாடப்புத்தகம்வரை வந்துவிட்டது. ஆனால் அந்த இலக்கணத்தை அடுத்தே அறிக்கை இரண்டு நிபந்தனைகளையும் வைத்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தேவை என்று சொல்லும்போது முதலிடம் பெறவேண்டியது உலகத்து ஏழைகளின் அத்தியாவசியத் தேவை என்பது ஒன்று. தொழில்நுட்பத்தின் நிலையும் சமுதாய அமைப்பும் சுற்றுச்சூழலின் தாங்குதிறன்மீது சில வரம்புகளை விதிக்கின்றன என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நீக்கிவிட்டு இலக்கணத்தை மட்டும் உச்சரிப்பது, எந்தக் காரியத்தையும் யார் வேண்டுமானாலும் அப்பெயரால் நியாயப்படுத்திக்கொள்ள இடங்கொடுத்துவிட்டது. அறிக்கையிலேயும் ஒரு முரண் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை: வரம்பைப் பற்றிப் பேசிய அதே ஏடுகளில், உலகத்தின் தொழில் உற்பத்தி ஐந்து முதல் பத்து மடங்குவரை பெருகக்கூடும் என்னும் எதிர்பார்ப்பும் இடம்பெற்றிருந்தது.

இம்முரணைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியவர்களுள் முதன்மையானவர் உலக வங்கியிலேயே சில ஆண்டுகள் பணியாற்றிய ஹெர்மன் டேலி. புதுப்பிக்கப்படும் வளத்தை அது மீண்டும் விளைகின்ற வேகத்துக்கு மேல் எடுக்கலாகாது. கழிவை இயற்கை உட்கொண்டு செரிக்கும் அளவுக்கு மேல் கொட்டலாகாது. தீர்ந்துபோகும் வளத்தை, அதற்கு மாற்றான புதுப்பிக்கப்படும் வளம் உருவாகும் வேகத்துக்கு மேல் செலவிடலாகாது என்று அவர் விதிகளை வகுத்தார். எதிர்ப்பக்கத்தில் நின்ற பொருளியலறிஞர் ராபர்ட் சோலோவும் சாமானியரல்லர். வருங்காலத்தவர்க்கு நாம் இன்ன ஆற்றை, இன்ன மலையை அப்படியே விட்டுச்செல்லக் கடமைப்பட்டவரல்லர். நாம் வாழ்ந்த அளவேனும் நன்றாக வாழ்வதற்குரிய திறனையே விட்டுச்செல்லக் கடமைப்பட்டவர் என்பது அவர் கட்சி. சுரங்கத்தைத் தோண்டி வந்த வருவாய் முழுவதையும் ஆலையிலும் சாலையிலும் கல்வியிலும் முதலிட்டால் மொத்த முதல் குறைவதில்லை என்று 1977-இல் ஜான் ஹார்ட்விக் அதைக் கணித விதியாகவே எழுதிக்காட்டினார். ஒரு பொருளுக்கு மற்றொரு பொருள் எளிதில் ஈடாகும் என்னும் அனுமானத்தின்மீது இக்கட்டடம் நிற்கிறது என்பதைச் சோலோவும் மறைக்கவில்லை. ஆகவே வழக்கு முழுவதும் அந்த ஓர் அனுமானத்திடம் வந்து நிற்கிறது.

இவ்வறிஞர்களுக்கெல்லாம் முன்பே, தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, மேல்நாட்டில் கணக்கியலும் பொருளியலும் கற்றுத் திரும்பி, காந்தியடிகளின் கிராமத் தொழிற் பணியில் தம்மைக் கரைத்துக்கொண்ட ஜே. சி. குமரப்பா, சிறைவாசத்தில் எழுதி 1945-இல் வெளியான ‘நிலைத்த பொருளாதாரம்’ என்னும் நூலில், தேக்கிவைக்கப்பட்ட வளத்தைத் தின்று வாழும் பொருளாதாரம், ஓடிவரும் வளத்தைக்கொண்டு வாழும் பொருளாதாரம் என்று இரண்டாகப் பகுத்துக் காட்டினார். நிலக்கரியும் எண்ணெயும் இரும்பும் முதல் வகை. காடும் பயிரும் கால்நடையும் இரண்டாம் வகை. முதல் வகையின்மேல் எழுப்பப்படும் நாகரிகம் போட்டியிலும் போரிலும் போய் முடியும் என்று இரண்டாம் உலகப் போரின் நடுவே அவர் எழுதினார். அவர் நூலை இன்று நம் பல்கலைக்கழகப் பொருளியல் துறைகள் எத்தனை கற்பிக்கின்றன என்பதை இங்கே வந்திருக்கும் மாணவர்கள் தாமே விசாரித்து அறிந்துகொள்ளட்டும்.

இயற்கைக்குப் பணம் ஈடாகும் என்னும் அனுமானம் ஒரு தேசத்தின் அளவில் சோதித்துப் பார்க்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. பசிபிக் பெருங்கடலில் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நவ்ரு என்னும் தீவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பாஸ்பேட் வெட்டியெடுக்கப்பட்டது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளும் கூடி அமைத்த நிர்வாகத்தின்கீழ் அது அந்நாடுகளின் வயல்களுக்கு உரமாகச் சென்றது. 1968-இல் சுதந்திரம் பெற்ற அம்மக்கள் சுரங்கத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, வருவாயில் ஒரு பகுதியை, தீவு தீர்ந்த பின்பு பேரப்பிள்ளைகள் உண்பதற்காக, பொறுப்புநிதியாகச் சேர்த்துவைத்தார்கள். ஹார்ட்விக்கின் கணிதம் சொன்னதைத்தான் அவர்கள் செய்தார்கள். நிதி முதலீடுகளிலும் வீண்செலவிலும் கரைந்துபோயிற்று. தீவின் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பகுதி, பாறைக்கூர்கள் நிமிர்ந்து நிற்கும் பாழாகக் கிடக்கிறது. நிர்வாகம் சரியாக இருந்திருந்தால் பணம் நிலைத்திருக்குமே என்று சொல்லலாம். நிலைத்திருந்தாலும், அதைக்கொண்டு அவர்கள் வேறோரிடத்தில் வாழ்ந்திருக்கலாமே தவிர, நவ்ருவின் அப்பாழ்நிலத்தில் வாழ்ந்திருக்க முடியாது.

வெட்டித் தீர்ந்த நிலத்தை மீட்பது யார் பொறுப்பு என்று விசாரிக்க 1986-இல் நவ்ரு அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் இலங்கையைச் சேர்ந்த சட்ட மேதை சி. ஜி. வீரமந்திரி. பின்னர் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தின் துணைத்தலைவராக விளங்கிய அவரே, டானூப் நதி அணைகள் குறித்து ஹங்கேரிக்கும் சுலோவாக்கியாவுக்கும் நேர்ந்த வழக்கில், 1997-இல் எழுதிய தனிக் கருத்துரையில், நீடித்த வளர்ச்சி என்பது வெறும் கருத்தன்று, சட்டத்தின் விதியே என்று நாட்ட முற்பட்டார். அதற்கு ஆதாரமாக, இலங்கையின் பண்டைக்கால ஏரிகளையும் கால்வாய்களையும் விரிவாக எடுத்துரைத்து, பெரும் பொறியியற் பணியும் இயற்கையின் பாதுகாப்பும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இணைந்து நடந்த நாடுகள் உண்டு என்று உலக நீதிமன்றத்தின் ஏட்டில் பதியவைத்தார். நவ்ருவின் பாழைக் கண்ணால் கண்டவர் என்பதனாலேயே அந்த உரைக்கு அத்தனை உறுதி வாய்த்தது என்று நான் கருதுகிறேன்.

இனிப் பாலாற்றுக்கு வருவோம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக வங்கக் கடலை அடையும் இவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே தோற்றமளிக்கும். ஆயினும் அந்த மணலுக்குள் நீர் ஓடிக்கொண்டிருந்தது. மணலைத் தோண்டி ஊற்றுக்கால்கள் வெட்டி வயலுக்கு நீர் கொண்டுசென்றதும், கரையோரக் கிணறுகள் கோடையிலும் வற்றாமல் நின்றதும், வாலாஜாபேட்டைக்கருகே கட்டப்பட்ட அணைக்கட்டு காவேரிப்பாக்கம் ஏரியை நிரப்பியதும் இந்நிலத்தின் உழவைத் தாங்கின. கண்ணுக்குத் தெரியும் நீரைவிடக் கண்ணுக்குத் தெரியாத நீரே இங்கே முதல். ஆகவே மேலே கொட்டிய எதுவும் அந்த முதலில் போய்ச் சேர்ந்தது.

தோல் பதனிடும் தொழில் இக்கரைக்குப் புதிதன்று. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும்கொண்டு ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதனிட்டு, அரைப்பதத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்பிய வணிகம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தழைத்திருந்தது. அந்த முறையிலும் நாற்றமும் கழிவும் உண்டு. அதைப் பொற்காலமாக வருணிக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் 1972-இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரைப்படி, பச்சைத்தோலையும் அரைப்பதத் தோலையும் ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு விதித்து, முழுப்பதத் தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்ய ஊக்கமளித்தது மத்திய அரசு. தேசத்திற்கு அந்நியச் செலாவணி மிகும், வேலை பெருகும், பயன் இந்நாட்டிலேயே தங்கும் என்னும் நோக்கம் குற்றமற்றது. அந்நோக்கம் நிறைவேறவும் செய்தது. நாட்டின் முழுப்பதத் தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தமிழகத்திலிருந்தே செல்லும் நிலை உண்டாயிற்று. கூடவே, மேல்நாடுகள் தம் மண்ணிலிருந்து விலக்கிக்கொண்டிருந்த குரோமியப் பதனீடு பாலாற்றங்கரையில் நிலைகொண்டது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீரும், குரோமிய முறையில் சுமார் 170 வகை இரசாயனங்களும் உபயோகமாகின்றன என்று பின்னர் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறித்தது.

அந்த வழக்கை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பின் வழியாகத்தான், நீடித்த வளர்ச்சி என்னும் கருத்து இந்திய நாட்டுச் சட்டத்தின் ஓர் அங்கமாயிற்று. ஸ்டாக்ஹோமிலும் பின்னர் ரியோ டி ஜெனீரோ மாநாட்டிலும் பேசப்பட்டது வாணியம்பாடிக் கிணற்று நீரின்மீது தீர்ப்பாக இறங்கியது என்பது சாதாரணச் செய்தியன்று. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் நடத்திய ஆய்வின்படி, தோல் தொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமற் போயிருந்தது. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. மாசு நேரக்கூடும் என்னுமிடத்தில் விஞ்ஞான நிச்சயம் போதாது என்று சாக்குச் சொல்லி அரசு வாளாவிருக்கலாகாது. தன் செயல் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பாரம் தொழில் நடத்துகிறவரையே சாரும். கெடுத்தவரே கெடுதிக்கும் மீட்புக்கும் ஈடு கட்ட வேண்டும் என்னும் நியதிகளை நீதிமன்றம் நாட்டின் சட்டமாக அறிவித்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, குறித்த தேதிக்குள் சுத்திகரிப்பு வசதி செய்யாதவற்றை மூடவும் ஆணையிட்டது.

இத்தீர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் தீர்ப்புக்குப் பின் நிகழ்ந்தவற்றைப் பார்க்கும்போது, ஈடு என்னும் கருத்து எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பது விளங்குகிறது. பல தொழிற்சாலைகள் சேர்ந்து அமைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரிலிருந்த அழுகற் பொருளைக் குறைத்தன. குரோமியத்தைப் பிரித்தெடுத்து மீண்டும் உபயோகிக்கும் முறையும் வந்தது. அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இதில் ஆற்றிய பணியைக் குறைத்துச் சொல்வது நன்றியின்மை. பிரச்சினை உப்பில் இருந்தது. உரித்த தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் பாதியை நெருங்கும் அளவு சோற்று உப்பை இட்டே பச்சைத்தோல் தொழிற்சாலைக்கு வருகிறது. முதல் வேலையாக அதை ஊறவைக்கும்போது அவ்வுப்பு முழுவதும் நீரில் கரைந்துவிடுகிறது. கரைந்த உப்பை எந்த நுண்ணுயிரும் தின்பதில்லை. எந்தச் சுண்ணாம்பும் படியவைப்பதில்லை. சட்டம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்றிருக்க, சாதாரணச் சுத்திகரிப்பைக் கடந்து வந்த நீரும் அவ்வளவை மிஞ்சியே நின்றது. எதிர்ச் சவ்வூடு முறையைச் சேர்த்து நீரை வடித்தெடுத்தபோது, எஞ்சியது மீண்டும் உப்பே. அதைக் கொதிக்கவைத்து உலர்த்தி மூட்டைகளாகக் கட்டிவைத்தால், நீரில் இருந்தது நிலத்தின்மேல் ஏறியதேயன்றி உலகைவிட்டு அகன்றுவிடவில்லை.

கழிவுச் சேற்றின் கதையும் இதுவே. ராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற, இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு, ஆண்டுகள் பல சென்ற பின்பும் அங்கேயே குவிந்து கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கிக்கொண்டிருந்தது. அதே ஊரில், 2015 ஜனவரி 31 அன்று விடியுமுன், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அக்கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பிழைப்புத் தேடி வெகு தொலைவிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர். அம்மரணங்களை நினைக்காமல் சுத்திகரிப்பு என்னும் சொல்லை என்னால் உச்சரிக்க முடிவதில்லை.

தொழிலை மூடிவிடுவதுதான் பரிகாரமா என்று கேட்பீர்கள். தோல் தொழிலாளரில் பெருந்தொகையினர் பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும்; வேறு தொழில் வாயில்கள் பலவும் அவர்களுக்கு அடைத்தே கிடந்த ஒரு சமுதாயத்தில், சுண்ணாம்புத் தொட்டியில் வெறுங்காலோடு நின்று அவர்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெண்களின் சம்பளம், அவ்வீடுகளின் அதிகாரக் கிரமத்தையே சிறிது மாற்றியிருக்கிறது. கிணறு கெட்ட விவசாயியும் ஏழை. தோல் ஊறவைக்கும் தொழிலாளியும் ஏழை. சூழலையும் தொழிலையும் இரு கட்சிகளாக நிறுத்திச் சமரசம் பேசுகின்றவர்கள், இவ்விருவரையுமே எதிரெதிரே நிறுத்திவிட்டு, இலாபம் பெற்றவர்களையும் சரக்கு வாங்கியவர்களையும் வழக்கிலிருந்து விடுவித்துவிடுகிறார்கள்.

வாங்கியவர்களுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்த்துவந்த பென்டாகுளோரோஃபீனால் என்னும் இரசாயனத்தை, அது உபயோகிப்பவரின் உடம்புக்குக் கேடு என்று கண்டு, ஜெர்மனி 1989-இல் தடை செய்தது. 1990களின் நடுவில் அசோ சாயங்கள் சிலவற்றையும் விலக்கியது. அவை கலந்த சரக்கு விலைபோகாது என்று தெரிந்தவுடனே, நம் தொழில்துறையும் அரசும் ஆராய்ச்சி நிலையமும் ஒருங்குகூடி, மாற்று இரசாயனம் கண்டுபிடித்து, பரிசோதனைச் சாலைகள் அமைத்து, சில ஆண்டுகளுக்குள் அப்பொருள்களை ஏறக்குறைய முற்றிலும் ஒழித்துவிட்டன. காலணியை அணிகின்ற ஜெர்மானியரின் பாதத்தைக் காப்பது அவ்வளவு விரைவில் சாத்தியமாயிற்று. அதே தொழிற்சாலைக்கு அடுத்த வயலில் நிற்கும் மனிதரின் குடிநீரைக் காப்பது, முப்பது ஆண்டுகள் கழிந்தும் சாத்தியமாகவில்லை. அறிவோ பொருளோ இல்லாமையால் இது நேரவில்லை என்பதை முதற் சம்பவமே மெய்ப்பிக்கிறது. இன்னதற்குமேல் கூடாது என்னும் வரம்பு முன்கூட்டியே, தவறினால் தொழிலே நின்றுவிடும் என்னும் உறுதியோடு வந்தபோது, தொழில் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. கெடுதி நிகழ்ந்தபின் ஈடு கேட்டபோது, மாறுவதைவிட ஈடு கொடுப்பதும், கொடுப்பதைவிட வழக்காடுவதும் மலிவாக இருந்தன.

1996-இல் அத்தனை கூர்மையோடு பிறந்த கருத்து, பின்வந்த தீர்ப்புகளில் மழுங்கிப்போனதையும் சொல்லியாக வேண்டும். 2000-இல் நர்மதை அணை வழக்கில், நிரூபிக்கும் பாரத்தைப் பற்றிய வேலூர் நியதி மாசுபடுத்தும் தொழில்களுக்குரியது, விளைவுகள் அறியப்பட்ட அணைக்கு அது பொருந்தாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். வேறு வழக்குகளிலும், வளர்ச்சியையும் சூழலையும் சமன் செய்வது என்னும் சொற்றொடர் திட்டங்களுக்கு அனுமதி வழங்கும் வாசகமாகவே பயின்றுவருகிறது. சமன் என்றால் தராசில் இரு தட்டுகளும் ஏறியிறங்கலாம் என்றாகிறது. புருண்ட்லாந்து ஆணையத்தின் அறிக்கை வரம்பு என்றல்லவா சொன்னது? வரம்புக்குள்ளே எதையும் எதனோடும் நிறுத்துப் பார்க்கலாம். வரம்பையே தட்டில் வைத்து நிறுப்பது அக்கருத்தைக் கைவிடுவதாகும். உலக நாடுகள் 2015-இல் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளையும் 169 உட்குறிக்கோள்களையும் குறித்து எனக்குள்ள குறையும் இதுதான். பசி ஒழிப்பும் கல்வியும் நிலைத்த பொருளாதாரப் பெருக்கமும் கடற்பாதுகாப்பும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒன்று மற்றொன்றோடு மோதும்போது எது எதற்கு இடங்கொடுக்க வேண்டும் என்று அவ்வரிசை சொல்வதில்லை.

வேலூர்த் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. அத்தீர்ப்பின் ஆணைப்படி அமையும் அதிகார சபை, நஷ்டத்தை இரண்டு தலைப்புகளில் கணக்கிட வேண்டும் என்று நீதிமன்றம் விதித்தது: சூழலைப் பழைய நிலைக்கு மீட்பதற்கான செலவு ஒன்று, பாதிக்கப்பட்ட மனிதர்க்குரிய நஷ்டஈடு மற்றொன்று. கிணற்றைப் பணமாக்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நீதிபதி கருதியிருந்தால் முதல் தலைப்புக்குத் தேவையே இராது. ஆனால் பின்னர் நடந்த வழக்குகளும் மேல்முறையீடுகளும் பெரும்பாலும் இரண்டாம் தலைப்பைச் சுற்றியே சுழன்றன. யாருக்கு எவ்வளவு, யார் தர வேண்டும், தந்தார்களா என்னும் வினாக்களிலேயே ஒரு தலைமுறை கழிந்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுப் பகுதியைக் குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, தரப்படாமலிருக்கும் நஷ்டஈட்டை ஆறு வாரங்களுக்குள் தந்து, அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி அரசுக்கு ஆணையிட்டதோடு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைத்துச் சூழலை மீட்கும் பணியைக் கண்காணிக்கவும் வழிசெய்திருக்கிறது.

முதல் தலைப்பு இனியேனும் முதலிடம் பெற வேண்டுமானால், சில காரியங்கள் உடனே தொடங்க வேண்டும். கிராமம் கிராமமாக, கிணறு கிணறாக உப்பின் அளவும் குரோமியத்தின் அளவும் ஆண்டுதோறும் எழுதப்பட்டு, ஊராட்சி அலுவலகச் சுவரில் எவரும் படிக்கும்படி வைக்கப்பட வேண்டும். தோலை ஊறவைக்குமுன் உதறிக் களையக்கூடிய உப்பை உதறிக் களைவதும், ஆட்டிறைச்சிக் கூடத்திலிருந்து குளிரூட்டிய வண்டியில் வரும் தோலுக்கு உப்பே இடாதிருப்பதும் இன்று அறியப்பட்ட முறைகளே. அவற்றுக்காகும் செலவைக் காலணியை வாங்கும் வெளிநாட்டு நிறுவனமும் பங்கிட்டுக்கொள்ளும்படி ஒப்பந்தம் செய்ய நம் ஏற்றுமதி அமைப்புகள் முன்வர வேண்டும். நிலத்தடியில் தங்கிவிட்ட உப்பைக் கழுவி வெளியேற்ற மழைநீரையன்றி வேறு மருந்தில்லையாதலால், ஆற்று மணலைக் காப்பதும், மேல்மடையில் ஏரிகளையும் வரத்துக்கால்களையும் தூர்வாரி வெள்ளம் மணலுக்குள் இறங்கும்படி செய்வதும் அந்த மீட்புச் செலவுக் கணக்கில் சேர வேண்டும். அக்கணக்கை எழுதும் இடத்தில் அதிகாரிகளோடும் நிபுணர்களோடும், தென்னை காய்ந்துபோன தோப்பின் உடையவரும், ஊறற்தொட்டியில் நின்று கால் புண்ணான தொழிலாளியும் உறுப்பினராக அமர்ந்து, தம் கையொப்பம் இன்றி எந்தக் கிணறும் மீண்டுவிட்டதாக எழுதப்படாதபடி பார்த்துக்கொள்ளும் அதிகாரம் பெற வேண்டும்.